காப்பிக் கடையில் ஒரு பள்ளிக்கூடம்
எந்திரத்தின் நோயைப் பேச்சு தீர்த்த கதை

காலை நேரம். அமெரிக்காவில், கலிபோர்னியா மாகாணத்தில் ஒரு சிற்றுண்டிச் சாலை. சிலர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஏதோ கதை சொல்கிறார். மற்றவர்கள் காப்பி குடித்துக்கொண்டே கேட்கிறார்கள், சிரிக்கிறார்கள்.

பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? "வேலைக்குப் போகாமல் வெட்டிப் பேச்சு பேசுகிறார்களே!" என்றுதான் நினைப்பார்கள்.

ஆனால் ஒருவர் அப்படி நினைக்கவில்லை. "இங்கேதான் வேலை நடக்கிறது" என்பதை அவர் கண்டுகொண்டார். அவர் பெயர் ஜூலியன் ஆர்.

கூடவே போன ஆராய்ச்சியாளர்

நம் ஊரில் தெருவுக்குத் தெரு ‘ஜெராக்ஸ்’ கடை இருக்கிறது. ‘ஜெராக்ஸ்’ என்பது ஓர் அமெரிக்கக் கம்பெனியின் பெயர். நகல் எடுக்கும் எந்திரங்களைச் செய்து புகழ் பெற்ற கம்பெனி அது. எந்திரம் பழுதாகி நின்றால், கம்பெனியின் மெக்கானிக் வந்து சரி செய்து கொடுப்பார்.

1980-களில் ஜூலியன் அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். மக்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராயும் மானிடவியல் அவருடைய படிப்பு. இந்தப் படிப்பைப் படித்தவர்கள் காட்டுக்கும் மலைக்கும் போய், பழங்குடி மக்களோடு தங்கி ஆராய்ச்சி செய்வது உண்டு. ஜூலியனோ மெக்கானிக்குகளோடு போனார்! பழுது பார்க்கும் பயிற்சியும் பெற்றார். அவர்கள் வேலைக்குக் கிளம்பினால் இவரும் கிளம்பினார். அவர்கள் காப்பி குடிக்க உட்கார்ந்தால் இவரும் உட்கார்ந்தார். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கேட்டார்.

கைவிட்ட புத்தகம்

பழுது பார்ப்பதற்கென்று கம்பெனி புத்தகம் கொடுத்திருந்தது. கோளாறு ஏற்பட்டால் எந்திரம் ஓர் எண்ணைக் காட்டும். புத்தகத்தில் அந்த எண்ணைத் தேடி எடுக்க வேண்டும். எதை முதலில் சோதிப்பது, எதை அடுத்துச் சோதிப்பது என்று அதில் வரிசையாகப் போட்டிருக்கும். அதன்படி செய்தால் போதும் என்று கம்பெனி நம்பியது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஒரு தடவை ஓர் எந்திரம் ஓயாமல் தொல்லை கொடுத்தது. புத்தகம் சொன்னபடியெல்லாம் செய்து பார்த்தார் மெக்கானிக். பலன் இல்லை. தம்மைவிட அனுபவம் மிக்க நிபுணரை வரவழைத்தார். நிபுணருக்கும் பிடிபடவில்லை.

இரண்டு பேரும் பேச ஆரம்பித்தார்கள். முன்பு பார்த்த எந்திரங்களைப் பற்றி இவர் ஒரு கதை சொன்னார். அது அவருக்கு வேறொரு கதையை நினைவூட்டியது. பேச்சுக்கு நடுவே எந்திரத்தைச் சோதித்தார்கள். கடைசியில் உண்மை அகப்பட்டது. மின்சாரம் பாயும் ஒரு பாகத்தில் ‘ஷார்ட்’ ஆகியிருந்தது. எந்திரம் காட்டிய எண்ணோ வேறு எதையோ சொன்னது! நோய் ஓர் இடம், வலி ஓர் இடம்.

கதை அதோடு முடியவில்லை. மெக்கானிக்குகள் கூடிய இடத்தில் அது மறுபடியும் சொல்லப்பட்டது. அதைக் கேட்டவர்கள், அடுத்த தடவை அந்த எண்ணைக் கண்டு ஏமாறுவார்களா?

ஜூலியன் தாம் கண்டதையும் கேட்டதையும் 1996-ல் புத்தகமாக வெளியிட்டார். ‘எந்திரங்களைப் பற்றிப் பேசுதல்’ என்பது அதன் பெயருக்குப் பொருள்.

பெயரே பரிசு

இந்தப் பேச்சின் அருமை கம்பெனிக்கும் புரிந்தது. 1990-களில் ஒரு புதிய ஏற்பாடு வந்தது. மெக்கானிக்குகள் தாங்கள் கண்டுபிடித்த வழிகளை எழுதி அனுப்பலாம். மற்ற மெக்கானிக்குகள் அதைப் பரிசீலிப்பார்கள். சரி என்று பட்டால் கம்ப்யூட்டரில் ஏற்றப்படும். எழுதியவரின் பெயரும் அதோடு இருக்கும். ‘யுரேகா’ என்ற இந்த ஏற்பாடு முதலில் பிரான்சு நாட்டில் ஆரம்பமாயிற்று. ஒரு மேஜையோடு நின்ற பேச்சு, நாடு விட்டு நாடு போயிற்று!

சேர்ந்து குடித்த காப்பி

அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற புகழ் பெற்ற கல்வி நிலையம் இருக்கிறது. அங்கே பேராசிரியராக இருந்த அலெக்ஸ் பென்ட்லேண்ட், 2012-ல் இன்னோர் அனுபவத்தை எழுதினார்.

அது ஒரு பாங்கின் ‘கால் சென்டர்’. டெலிபோனில் வாடிக்கைக்காரர்களுக்குப் பதில் சொல்லும் இடம். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து போனால் டெலிபோனை யார் எடுப்பது? இப்படி நினைத்து, ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நேரத்தில் காப்பி இடைவேளை விட்டிருந்தார்கள். "ஒரு குழுவில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் காப்பி குடிக்கட்டும்" என்று பேராசிரியர் யோசனை சொன்னார்.

பலன் என்ன தெரியுமா? ஓர் அழைப்பைப் பேசி முடிக்க ஆகும் நேரம், பின்தங்கியிருந்த குழுக்களில் 20 சதவிகிதத்துக்கு மேல் குறைந்தது. நிலையம் முழுவதற்கும் பார்த்தால் 8 சதவிகிதம் குறைந்தது.

கூலி உண்டா?

காப்பி நேரத்தால் முதலாளிக்கு லாபம் என்றால், அந்த நேரத்துக்குக் கூலி உண்டா, இல்லையா? இந்தக் கேள்வி ஒரு தடவை கோர்ட்டுக்கே போயிற்று.

கொலராடோ மாகாணத்தில், டென்வர் நகரில் கழுத்து ‘டை’ நெய்யும் ஆலை ஒன்று இருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இளைஞர்கள் போய்விட்டதால், நடுத்தர வயதுப் பெண்கள் வேலைக்கு வந்தார்கள். கை நேர்த்தி இருந்தது. ஆனால் உடம்பு சோர்ந்தது. நாளுக்கு இரண்டு தடவை, 15 நிமிஷம் காப்பிக்கு விடும்படி கேட்டார்கள். முதலாளியும் விட்டார். அங்கே முன்பு முதியவர்கள் 8 மணி நேரத்தில் நெய்ததை, இந்தப் பெண்கள் ஆறரை மணி நேரத்தில் நெய்தார்கள்!

ஆனால் அந்த அரை மணி நேரத்துக்கு முதலாளி கூலி கொடுக்கவில்லை. அரசாங்கத்தின் தொழில் இலாகா வழக்குப் போட்டது. இடைவேளையால் ஆலைக்கும் நன்மை. ஆகவே அதுவும் வேலை நேரமே என்று 1956-ல் அப்பீல் கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

வீட்டுக் காப்பி

வேலை முடிந்து மாலையில் வீடு திரும்புகிறவர்கள் எல்லோர் வீட்டிலும் உண்டு. காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "இன்றைக்கு என்ன வேலை? எது மக்கர் செய்தது? எப்படிச் சரிப்படுத்தினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கட்டும். அவர்களுடைய பள்ளிப் புத்தகத்தில் இல்லாத ஒரு பாடம் அப்போது நடக்கும்.