அறிவு நூல்கள் ஊட்டும் வாசிப்பு வேட்கை

குழந்தைகளை வாசிப்பின் பக்கம் ஈர்ப்பவை கதைகளே என்பதும், உலகைப் பற்றிய செய்திகளைச் சொல்லும் நூல்கள் பள்ளிக்கூடத்துக் கடமையைச் சேர்ந்தவை என்பதும் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் நெடுங்காலமாக ஊறிப்போன எண்ணங்கள். கதையின் ஈர்ப்பை எவரும் மறுக்க இயலாது. ஆயினும், மழை எங்கிருந்து வருகிறது, எறும்பு எங்கே உறங்குகிறது, நிலா ஏன் கூடவே வருகிறது என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கு, அக்கேள்விகளுக்கு விடை வைத்திருக்கும் நூலும் கதைக்கு ஈடான இன்பத்தைத் தரவல்லது. உயிரினங்கள், உடல், இயந்திரங்கள், தொழில்கள், இடங்கள் என மெய்யான உலகைப் பொருளாகக் கொண்டு குழந்தைக்கென்றே எழுதப்படும் நூலை இங்கே அறிவு நூல் என்று குறிப்பிடலாம். பாடநூலைக் குழந்தை படித்தே ஆக வேண்டும். அறிவு நூலையோ பாதியில் மூடிவைத்துவிட்டு எழுந்து போகும் உரிமை அதற்கு உண்டு. அந்த உரிமை இருப்பதனாலேயே நல்ல அறிவு நூல் ஒவ்வொரு பக்கத்திலும் குழந்தையின் விருப்பத்தைப் புதிதாகப் பெற்றாக வேண்டியிருக்கிறது.

இவ்வகை நூல்களின் மூதாதை என்று போற்றப்படுவது, மொராவியாவைச் சேர்ந்த கல்வியாளர் கொமேனியஸ் எழுதி 1658-இல் நியூரம்பெர்க் நகரில் வெளிவந்த 'ஓர்பிஸ் பிக்டுஸ்' என்னும் படநூல். இலத்தீனும் ஜெர்மனும் அருகருகே அச்சிடப்பட்ட அந்நூலில் 150 பகுதிகளும், அவற்றுக்குரிய மரச்செதுக்குப் படங்களும் இருந்தன. நெருப்பு, காற்று, ரொட்டி சுடுதல், நெசவு, அச்சுக்கூடம் என வாழ்க்கையின் பொருள்கள் வரையப்பட்டு, படத்திலுள்ள ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இடப்பட்டு, அதே எண் உரிய சொல்லின் பக்கத்திலும் அச்சாகியிருந்தது. சொல்லையும் பொருளையும் ஒருசேரக் காட்டாமல் சொல்லை மட்டும் மனப்பாடம் செய்விப்பதை எதிர்த்த கொமேனியஸ், எழுத்துகளை அறிமுகப்படுத்திய விதமும் நினைக்கத்தக்கது. தமிழ் அரிச்சுவடியில் 'அ' என்றால் அணில். விலங்கின் பெயர் எந்த ஒலியில் தொடங்குகிறதோ அது எழுத்தாகிறது. கொமேனியஸின் நூலிலோ காகம் கரையும் ஒலியும், ஆட்டுக்குட்டி கத்தும் ஒலியும், பாம்பு சீறும் ஒலியும் எழுத்துகளாயின. உலகம் எழுப்பும் ஓசைதான் எழுத்து என்று குழந்தைக்கு உணர்த்திய அந்த முறையில், வாசிப்பின் வாயிலே அறிவு நூல்தான் என்னும் கருத்து முழுமையாக அடங்கியிருக்கிறது.

இக்காலக் கல்வி ஆய்வுகள் இதனை வேறு வழியில் உறுதிப்படுத்துகின்றன. அமெரிக்க ஆய்வாளர் நெல் டியூக், பாஸ்டன் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 20 முதலாம் வகுப்பு அறைகளைக் கவனித்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், உலகச் செய்திகளைச் சொல்லும் நூல்களுக்கு அவ்வகுப்புகளில் செலவான நேரம் ஒரு நாளைக்குச் சராசரியாக 3.6 நிமிடம் மட்டுமே என்று கண்டார். குழந்தைகள் அந்நூல்களை விரும்புவதில்லை என்று முடிவுகட்டுவதற்கு முன்னால், அவை குழந்தைகளின் கைக்கு எட்டவேயில்லை என்பதை அந்த எண் நினைவூட்டியது. நூல்கள் கைக்கு எட்டினால் என்ன நிகழும் என்பதை மேரிலாந்து மாநிலத்தில் ஜான் கத்ரியும் அவருடைய குழுவினரும் 1993 முதல் நடத்திய பயிற்றுமுறை காட்டுகிறது. அதில் மாணவர்கள் முதலில் உயிரினங்களையும் இயற்கைப் பொருள்களையும் நேரில் கண்டு, தமக்கு எழுந்த கேள்விகளைத் தாமே எழுதிவைத்து, அதன் பின்னரே அக்கேள்விகளை ஒட்டிய நூல்களைத் தேடிப் படித்தனர். வழக்கமான முறையில் பயின்றவர்களைவிட அவர்களிடம் வாசிக்கும் ஆர்வமும் பொருள் உணரும் திறனும் மிகுந்திருந்தன. இம்முறையில் வரிசையே முதன்மையானது: முதலில் வியப்பு, அடுத்துக் கேள்வி, அதன் பிறகே நூல். நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் நூல் முதலில் வருகிறது. கேள்வி கடைசியில், அதுவும் ஆசிரியரிடமிருந்து வருகிறது.

அறிவு நூல் வாசிப்பை வளர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளையும், எழுதப்பட்ட பொருளைப் பற்றி முன்பே ஒன்றும் அறியாதிருந்தால், படித்ததை உணர முடியாமல் சோர்ந்துபோகும். 1988-இல் ரெக்ட், லெஸ்லி என்னும் இரு ஆய்வாளர்கள் ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் விவரணையைப் படிக்கக் கொடுத்து, படித்ததைச் சிறு ஆடுகள மாதிரியில் நடத்திக்காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியிருந்தும் அந்த விளையாட்டை நன்கறிந்த மாணவர்கள், விளையாட்டை அறியாத தேர்ந்த வாசகர்களை விடச் சிறப்பாகச் செய்தனர். பொருளறிவு வாசிப்பைத் தூக்கிவிடுகிறது, வாசிப்பு பொருளறிவைப் பெருக்குகிறது. இந்தச் சுழற்சிக்குள் இளமையிலேயே நுழைந்த குழந்தைக்கு அடுத்த நூல் எளிதாகிறது, எளிதானது இனிதாகிறது. டைனோசரின் பெயரை அடிபிறழாமல் சொல்லும் ஐந்து வயதுச் சிறுவனும், தொடர்வண்டிகளின் படங்களைத் தவிர வேறெதையும் புரட்ட மறுக்கும் சிறுமியும் பெற்றோருக்குச் சில சமயம் கவலையளித்தாலும், ஒரே பொருளின்மீது கொண்ட அந்தப் பிடிவாதப் பற்றுதான் நீண்ட சொற்களையும் கடினமான வாக்கியங்களையும் அவர்கள் அஞ்சாமல் எதிர்கொள்ளச் செய்கிறது.

மிக இளைய குழந்தைகளுக்கான அறிவு நூல் எவ்வளவு நுட்பமாக அமைய முடியும் என்பதற்கு, எரிக் கார்ல் 1969-இல் வெளியிட்ட பசித்த கம்பளிப்புழுவின் படநூல் தக்க சான்று. புழு திங்கட்கிழமை ஓர் ஆப்பிளையும், செவ்வாய்க்கிழமை இரண்டு பேரிக்காய்களையும் தின்கிறது. நாள்கள் நகர நகரக் கனிகளின் எண்ணிக்கையும் ஏறுகிறது. கனிகளில் புழு குடைந்த துளைகள் தாளிலேயே வெட்டப்பட்டிருப்பதால் குழந்தை அவற்றில் விரலை நுழைத்துப் பார்க்கிறது. எண்ணும் கிழமையும் உயிரின் உருமாற்றமும் பாடமென்ற பெயரில்லாமல் விரல்நுனி வழியே ஏறுகின்றன. எனினும், புழு கூடு கட்டி அதற்குள் தங்கியதாக அந்நூல் சொல்வது சரியன்று. நூலிழைக் கூடு கட்டுபவை பெரும்பாலும் அந்துப்பூச்சிகளே. வண்ணத்துப்பூச்சியின் புழு கடைசியாகத் தோலுரித்துக் கூட்டுப்புழுவாக மாறுகிறது. குழந்தைக்குத்தானே என்று எளிமையின் பெயரால் பிழையை அனுமதிக்கலாகாது. சரியான செய்தியும் வியப்பில் எந்த வகையிலும் குறைந்ததன்று.

தமிழ்க் குழந்தைக்கு இந்நூல்கள் செய்யும் உதவி தனித்தன்மை உடையது. தமிழில் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வெகுதொலைவு விலகி நிற்பதால், வீட்டில் 'மழ வருது' என்று கேட்டுப் பழகிய காது, நூலில் 'மழை பொழிகிறது' என்பதைச் சந்திக்கும்போது ஏறக்குறைய இன்னொரு மொழியைச் சந்திக்கிறது. எழுதப் படிக்கக் கற்குமுன்பே பெரியவர்கள் உரக்க வாசிக்கக் கேட்ட குழந்தைக்கு எழுத்துத் தமிழின் ஓசை பழகிவிடுகிறது. அறிந்த பொருளைப் பற்றியே கேட்பதால் அறியாத சொல் அச்சுறுத்துவதில்லை. மேலும், தமிழ்க் கலைச்சொற்கள் பல தம் பொருளைத் தாமே அவிழ்த்துக் காட்டுபவை. தொலைவில் உள்ளதை நோக்குவது தொலைநோக்கி, நுண்ணியதை நோக்குவது நுண்ணோக்கி என்று கண்டுகொண்ட குழந்தை, அடுத்துச் சந்திக்கும் நெடுஞ்சொல்லைத் தானே பிரித்துப் பார்க்கத் தொடங்குகிறது.

இத்தகைய நூல்களுக்குத் தமிழில் மதிக்கத்தக்க மரபும் இருக்கிறது. வழக்கறிஞராகத் தொழில் புரிந்த பெ.நா. அப்புஸ்வாமி 1917 முதல் பல்லாண்டுகள் அறிவியலை எளிய தமிழில் எழுதிவந்தார். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968-க்கும் 1976-க்கும் இடையே குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. மாஸ்கோவில் தமிழில் அச்சிடப்பட்ட அறிவியல் நூல்களும் சிறுவர் நூல்களும் நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியே எளிய விலையில் சிற்றூர்கள்வரை சென்றன. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987-இல் 'துளிர்' மாத இதழைத் தொடங்கியது. அண்மையில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்பின் நிலைகளைப் பிரித்துச் சிறு நூல்களை அரசுப் பள்ளிகளுக்கு வழங்கியிருப்பது பாராட்டத்தக்க செயல்.

இவற்றுக்கிடையே, கடைகளில் அறிவு நூல் என்ற பெயரில் குவிந்திருப்பவற்றுள் பல, வெற்றிடம் நிரப்பும் பயிற்சித் தாள்களின் தொகுப்பாகவோ, நாடுகளையும் தலைநகரங்களையும் அடுக்கும் வினா விடைப் பட்டியலாகவோ இருப்பது வருந்தத்தக்கது. குழந்தை கேளாத கேள்விக்கு விடை கொடுக்கும் நூல் வாசிப்பை வளர்க்காது. நல்ல நூலையும் கூட, வாசித்து முடித்தவுடன் 'யானைக்கு எத்தனை கால்?' என்று சோதிக்கும் வழக்கம் கெடுத்துவிடும். உரையாடல் வாசிப்பு என்று அழைக்கப்படும் முறையில் பெரியவர் திறந்த கேள்விகளைக் கேட்டு, குழந்தை தன் சொற்களில் விரித்துப் பேச வழிவிட்டு, மெல்ல மெல்லக் குழந்தையையே கதைசொல்லியாக்குகிறார். அங்கே கேள்வி பேச்சை வளர்க்கிறது, மதிப்பெண்ணுக்காக நிற்பதில்லை.

குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளையும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இன்று எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆனால் அவை புளூட்டோவை ஒன்பதாம் கோளாக எண்ணிய காலத்தில் எழுதப்பட்டவை. கடைசித் தொகுதி வெளிவந்து ஐம்பது ஆண்டுகளாகும் வேளையில், இன்றைய குழந்தையின் கேள்விகளுக்கு இன்றைய அறிவைக் கொண்டு விடை சொல்லும் புதிய களஞ்சியத்தை ஆக்கித் தருமாறு அரசையும் பல்கலைக்கழகங்களையும் பதிப்பாளரையும் தமிழ்ப் பெற்றோர் கேட்க வேண்டும்.