பூச்சிமருந்துப் பெட்டியைப் பூட்டினீர்களா?

தாம்பரம், படப்பை பகுதி விவசாயிகள் பலர், தெளித்து மிஞ்சிய பூச்சிமருந்தை வீட்டில் வைக்கின்றனர். அதற்குப் பூட்டுப்பெட்டி வாங்கினால் மட்டும் போதாது. இலங்கை அனுராதபுரம் மாவட்டத்தில் 180 கிராமங்களில் ஆய்வு நடந்தது. பாதி கிராமங்களில் விவசாயம் செய்யும் அல்லது பூச்சிமருந்து வைத்திருக்கும் வீடுகளுக்குப் பூட்டுப்பெட்டி தந்தனர். 2017இல் வெளியான முடிவின்படி, மருந்து குடிப்போர் எண்ணிக்கை குறையவில்லை. நாளடைவில் பல பெட்டிகள் பூட்டப்படாமல் கிடந்தன.

எனவே பூட்டுவதையும் தெளிப்பு வேலையில் ஒன்றாகக் கொள்ளுங்கள்.

* தேவையான அளவே வாங்குங்கள்.
* மீதியை லேபிளுடன் அதே டப்பாவில் வையுங்கள். குளிர்பான பாட்டிலில் ஊற்றாதீர்கள்.
* பெட்டியைப் பூட்டிய பிறகே குளிக்கச் செல்லுங்கள்.
* சாவி ஆணியில் தொங்கக் கூடாது. ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும்.
* யாராவது குடித்துவிட்டால் உடனே 108ஐ அழையுங்கள். மருந்து டப்பாவையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.