அது சிப்மங்க் இல்லை, நம்ம ஊர் அணில்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரியலூர் பக்கத்தில் உள்ள கல்லங்குறிச்சிக்கு, அக்கா வீட்டிற்குப் போயிருந்தேன். ஏழாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் ஓடி வந்து, "மாமா, என் புராஜெக்டைப் பாருங்க, நாளைக்கு கொடுக்கணும்" என்று ஒரு பைலை நீட்டினாள். தலைப்பு, 'எங்கள் ஊர் உயிரினங்கள்'. முதல் பக்கத்திலேயே ஓட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஓர் அணிலின் படம். அதன் கீழே 'சிப்மங்க்' என்று எழுதியிருந்தது.

"இது அணில்தானே கண்ணு?" என்றேன்.

"இல்ல மாமா, ஆப்ல போட்டுப் பார்த்தேன். சிப்மங்க்னுதான் வந்துச்சு."

அதோடு நிற்கவில்லை. அக்காவின் செல்போனிலிருந்து ஐநேச்சுரலிஸ்ட் வெப்சைட்டிலும் அந்தப் படத்தை அதே பெயரில் ஏற்றி, மேப்பில் கல்லங்குறிச்சியில் ஒரு புள்ளியும் வைத்து விட்டாள். அதாவது, உலக வரைபடத்தில் அரியலூர் மாவட்டத்தில் ஒரு சிப்மங்க் வந்து உட்கார்ந்து விட்டது!

இதில் என்ன பெரிய தப்பு என்று நீங்கள் கேட்கலாம். ஐநேச்சுரலிஸ்ட் 2008-ல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்டது. நம்மைப் போன்றவர்கள் போடும் படங்களை மற்றவர்கள் பார்த்து, பெயரைச் சரி என்றோ தவறு என்றோ சொல்வார்கள். படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, குறைந்தது இரண்டு பேர் ஒரே பெயரைச் சொல்லி, கருத்து சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அந்தப் பதிவு ஆராய்ச்சித் தரத்திற்கு உயரும். அப்படி உயர்ந்தவை ஜிபிஐஎஃப் என்ற உலகத் தகவல் தளத்திற்கும் போகும். ஆராய்ச்சியாளர்கள் அங்கிருந்து டவுன்லோட் செய்கிறார்கள். சும்மா ஒருவர் 'ஆமாம்' என்று கிளிக் செய்துவிட்டால் போதும், நம் வீட்டுப் பிழை ஊர் சுற்றக் கிளம்பிவிடும்.

சரி, சிப்மங்க் என்பது என்ன? 'சிப் அண்ட் டேல்' கார்ட்டூனில் வருமே, அந்த இரண்டு பேரும் சிப்மங்க்தான். சுமார் 25 வகைகள் உண்டு. ஒரே ஒரு வகை ஆசியாவின் வடபகுதியில், சைபீரியா, கொரியா பக்கம் இருக்கிறது. மற்றவை எல்லாம் வட அமெரிக்காவில். இந்தியக் காடுகளில் சிப்மங்க் கிடையாது. நம் ஊரில் இருப்பது மூன்று வரி அணில். விஞ்ஞானப் பெயர் புனாம்புலஸ் பால்மாரம். இரண்டும் அணில் குடும்பம்தான், உருவமும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டுக்கும் முதுகில் கோடு. கம்ப்யூட்டர் குழம்புவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் நாம் குழம்ப வேண்டியதில்லை. முதலில் முகத்தைப் பாருங்கள். சிப்மங்கிற்குக் கண்ணுக்கு மேலும் கீழும் கோடுகள் ஓடும். நம் அணிலின் முகத்தில் கோடு இல்லை. அடுத்து, முதுகின் நட்ட நடுவே என்ன நிறம் என்று பாருங்கள். சிப்மங்கிற்கு நடுக்கோடு கறுப்பாக இருக்கும். நம் அணிலுக்கு நடுக்கோடு வெளுப்பு. இந்த ஒன்று போதும். சிப்மங்கிற்குக் கன்னத்தில் பை உண்டு, அதில் கொட்டைகளை அடைத்துக்கொண்டு போய் வளையில் சேர்த்து வைக்கும். நம் ஆள் மரத்தில் கூடு கட்டுபவர், கிடைத்ததை முன்னங்கால்களில் பிடித்து அங்கேயே கொறிப்பவர்.

கோடு எண்ணும்போது ஒரு எச்சரிக்கை. வெளுத்த கோடுகளை மட்டும் எண்ணுங்கள். இடையில் உள்ள கறுப்புப் பட்டைகளையும் சேர்த்து எண்ணினால் ஐந்து வந்துவிடும். அப்புறம் 'ஐந்து வரி அணில்' என்று எழுதிவிடுவீர்கள். ஐந்து வரி அணில் என்று தனியாக ஒன்று உண்டு, புனாம்புலஸ் பெனான்டி என்று பெயர். அது பெரும்பாலும் வட இந்தியா. அதற்கு நடுவில் உள்ள மூன்று கோடுகளுக்கு வெளியே, விலாப்பக்கம் இன்னும் இரண்டு மங்கலான கோடுகள் இருக்கும். நமக்கு மூன்று என்பது மறக்காது. ராமர் மூன்று விரலால் தடவிக் கொடுத்த கதையைக் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் இருக்கிற ஊரில் புதிதாகச் சொல்ல வேண்டுமா என்ன?

இப்போது நம் வேலைக்கு வருவோம். அந்தப் படம் ஏன் தவறான பதிலைத் தந்தது? அக்கா மகள் எடுத்த படத்தை அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, திரும்ப வாங்கிய காப்பியைத்தான் ஆப்பில் போட்டிருக்கிறாள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது, படத்திற்குள் இருக்கும் எக்ஸிப் தகவல்களும் போய்விடும். எடுத்த நேரம், கேமரா, ஜிபிஎஸ் இடம் எல்லாம் எக்ஸிப்பில்தான் இருக்கின்றன. இடம் தெரிந்தால் ஐநேச்சுரலிஸ்ட் 'இந்தப் பக்கத்தில் இருக்கக்கூடியவை' என்று வடிகட்டிப் பெயர்களைக் காட்டும். இவளோ வேறு ஆப் சொன்ன பெயரைக் கையால் டைப் செய்துவிட்டு, இடத்தைக் கடைசியில் வைத்திருக்கிறாள். போதாக்குறைக்குப் படத்தில் முகம் வேறு தெரியவில்லை.

ஒரிஜினல் படத்தை யுஎஸ்பி கேபிள் வழியாக என் லேப்டாப்பிற்கு காப்பி செய்தேன். நீங்களும் செய்து பாருங்கள். விண்டோசில் பைல் மீது ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போய், டீட்டெய்ல்ஸ் டேபைத் திறந்தால் தேதியும் ஜிபிஎஸ் எண்களும் தெரியும். தெரியவில்லை என்றால் செல்போன் கேமரா செட்டிங்கில் லொகேஷன் டேக் ஆஃப் ஆகியிருக்கும்.

அவள் படத்தில் எண்கள் இருந்தன. ஆனாலும் முகம் தெரியும் ஒரு படம் வேண்டும். சாயந்திரம் நான்கரை மணிக்குக் கொல்லைப்புறம் உட்கார்ந்தோம். அணிலைக் கண்ணால் தேடாதீர்கள், காதால் தேடுங்கள். 'சிக் சிக் சிக்' என்று விடாமல் கத்தும், ஒவ்வொரு கத்தலுக்கும் வால் ஒருமுறை துள்ளும். இலை மறைவில் அந்த வால் அசைவுதான் முதலில் கண்ணில் படும். பூனை நடமாடினால் இந்தக் கத்தல் கூடுதலாகக் கேட்கும். எங்களுக்கும் ஒரு பூனைதான் உதவி செய்தது.

டிஜிட்டல் ஜூமை முழுக்க இழுக்காதீர்கள். அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதுதான், கோடுகள் கரைந்துவிடும். அசையாமல் இருந்தால் அணில் தானே நெருங்கி வரும். பர்ஸ்ட் முறையில் இருபது படம் எடுத்தால் இரண்டு தேறும். எங்களுக்கு முப்பத்தி நான்கில் ஒன்று தேறியது. முருங்கைக் கிளையில் பக்கவாட்டில் திரும்பி, கோடில்லாத முகமும் வெளுத்த நடுக்கோடும் பளிச்சென்று!

சத்தத்தையும் வாய்ஸ் ரெக்கார்டரில் பிடித்தோம். ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரில் திறந்து ஸ்பெக்ட்ரோகிராம் பார்வைக்கு மாற்றினால், ஒவ்வொரு 'சிக்'கும் ஒரு செங்குத்துக் கோடாக வரிசை கட்டி நிற்கும். செல்போன் பைல் எம்4ஏ வகையாக இருந்தால் எஃப்எஃப்எம்பெக் என்பதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியிருக்கலாம். இதைப் பார்த்ததும் அக்கா மகளுக்கு அணிலையே மறந்துவிட்டது. தன் குரலைப் பதிவு செய்து பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

பிறகு பழைய பதிவைத் திறந்து, தவறான பெயரை வாபஸ் வாங்கி, சரியான பெயரைக் கொடுத்தோம். புதுப் படத்தைத் தனிப் பதிவாகப் போட்டோம். இரண்டிலும் இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்வு செய்தேன். அப்போது சுமார் 20 கிலோமீட்டர் கட்டத்திற்குள் எங்கோ ஒரு புள்ளியாகத்தான் மற்றவர்களுக்குத் தெரியும். வீட்டுக் கொல்லையின் துல்லியமான இடம் எல்லோருக்கும் எதற்கு? இன்னொன்று, 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இதில் தாங்களாகவே கணக்கு தொடங்க முடியாது. பெரியவர்கள் கணக்கில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது செய்யட்டும்.

புராஜெக்டின் முதல் பக்கத்தை இரவு ஒன்பது மணிக்குத் திரும்ப எழுதினாள். சிப்மங்க் படத்தையும் விடவில்லை, நெட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் ஒட்டி, இரண்டு முகத்துக்கும் அம்புக்குறி போட்டாள். மூன்றாம் நாள் அக்காவிடமிருந்து போன். யாரோ ஒருவர் நம் பெயரையே ஒப்புக்கொண்டு, புதிய பதிவு ஆராய்ச்சித் தரத்திற்கு வந்துவிட்டதாம். "அந்தப் பூனை படத்தையும் போடலாமான்னு கேக்குறாடா" என்றாள் அக்கா.