டிகிரி யார் தருவது, கடன் யார் பெயரில்? அனிமேஷன் படிப்பில் சேரும் முன் கேளுங்கள்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த உடனே காஞ்சிபுரம் மாவட்டத்தின் மாகறல், உத்திரமேரூர் பக்கத்துப் பிள்ளைகளின் போனுக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். அனிமேஷன், கேம் டிசைன், டிகிரி உண்டு, வேலை உறுதி, பணத்தைத் தவணையில் கட்டலாம் என்பார்கள். ஜூனில் சேர்கிறார்கள், சிலர் தீபாவளிக்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் பெற்றோர் காகிதக் கட்டோடு ஆள் தேடி அலைகிறார்கள். கட்டைப் பிரித்தால் திரும்பத் திரும்ப இரண்டு கோளாறுதான். படித்த இடத்துக்குப் பட்டம் தரும் உரிமை இல்லை. தவணை என்று நினைத்துக் கையெழுத்திட்டது கடன்.

1956-ம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டத்தின் 22-வது பிரிவுப்படி, பல்கலைக்கழகங்களும் நாடாளுமன்றச் சட்டத்தால் அதிகாரம் பெற்ற நிறுவனங்களும்தான் பட்டம் வழங்கலாம். சென்னையில் ஏதோ ஒரு மாடியில் நடக்கும் பயிற்சி மையத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது. அதனால் "வகுப்பு இங்கே, டிகிரி வெளிமாநிலப் பல்கலைக்கழகம் தரும்" என்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகம் அசலானதாகவே இருக்கலாம். ஆனால் தனியார் பல்கலைக்கழகம் வேறு மாநிலத்தில் உரிமம் கொடுத்து மையம் நடத்த முடியாது என்று 2013-லேயே யு.ஜி.சி. அறிவித்துவிட்டது. தொலைநிலைப் படிப்பிலும் மையத்தைக் குத்தகைக்கு விடும் ஏற்பாட்டுக்கு இடமில்லை.

யு.ஜி.சி. ஆண்டுதோறும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியல் வெளியிடுகிறது, இணையத்தில், ஆங்கிலத்தில். அதைத் தமிழில் அச்சடித்து ஒவ்வொரு அரசு மேல்நிலைப் பள்ளி நோட்டீஸ் போர்டிலும் ஒட்ட என்ன செலவாகிவிடும்? ஒட்டினாலும் பாதிதான் பயன். அசல் பல்கலைக்கழகத்தின் பெயரில் நடக்கும் அனுமதியில்லாத மையம் அந்தப் பட்டியலில் வராது.

ஆகவே நீங்களே எழுதிக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராக வைக்கலாம். பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், பல்கலைக்கழக மானியக் குழு, பகதூர் ஷா ஜாஃபர் மார்க், புதுடெல்லி 110002. மூன்று கேள்வி போதும்: இந்தப் பல்கலைக்கழகம் இந்தப் பட்டத்தை வழங்கலாமா? இந்த முகவரியில் மையம் நடத்த அனுமதி உண்டா? உண்டு என்றால் உத்தரவின் நகல் எங்கே? மையத்தின் கதவு எண் வரை முழு முகவரி எழுதுங்கள். ஊர்ப் பெயர் மட்டும் எழுதினால் பதிலும் மேலோட்டமாகத்தான் வரும். பதிலுக்கு 30 நாள் ஆகலாம். பொதுத்தேர்வு முடிந்ததும் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பிவிட்டால் ரிசல்ட் நேரத்துக்குப் பதில் கையில் இருக்கும். அதே கேள்விகளைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும் அனுப்புங்கள். மையத்து ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் "அனுமதிக் கடிதம்" ஆதாரமாகாது. அதை நம்பாதீர்கள்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொரு இழப்பும் உண்டு. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்கள் பட்டம், பட்டயம், ஐ.டி.ஐ. படிப்பவர்களுக்கானவை. தனியார் மையத்தின் சான்றிதழ் படிப்பை நம்பி அதையும் விட்டுவிடுகிறார்கள்.

இனி கடன். பயிற்சி மையம் "வட்டியில்லாத் தவணை" என்று சொல்லும். போனில் ஓ.டி.பி. வரும், அப்பா அதைப் படித்துச் சொல்வார். அந்த நொடியில் ஒரு நிதி நிறுவனத்திடம் அவர் பெயரில் கடன் ஏறிவிடுகிறது. முழுத் தொகையும் மையத்துக்குப் போய்விடுகிறது. பிள்ளை படிப்பை விட்டாலும் டியூ நிற்காது. இரண்டு மாதம் தவறினால் சிபில் கெட்டு, நாளை டிராக்டர் கடன் கேட்டாலும் வங்கி தயங்கும். ஆகவே ஓ.டி.பி. சொல்லும் முன் கடனின் முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். டிஜிட்டல் கடனில் அபராதமில்லாமல் விலகிக்கொள்ள ரிசர்வ் வங்கி ஓர் அவகாசம் வைக்கச் சொல்லியிருக்கிறது. அந்தக் கெடு தாளில் இருக்கும். அதற்குள் அசலையும் அந்த நாட்களுக்கான வட்டியையும் திருப்பினால் வெளியே வந்துவிடலாம். கெடு தாண்டிவிட்டால் முதலில் நிதி நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. முதல் புகாரின் நகல் இல்லாமல் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போனில் கத்துவது புகார் ஆகாது. எழுதுங்கள்.

முறையான கல்லூரியில் சேர்ந்து விலகினால் 2018-ம் ஆண்டு யு.ஜி.சி. விதி கைகொடுக்கும். சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பே எழுதிக் கொடுத்தால், சிறு நடைமுறைக் கட்டணம் போக முழுப் பணமும் வரும். 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து 15 நாள் வரை 80, அதன்பின் 30-வது நாள் வரை 50, பிறகு எதுவும் இல்லை. அசல் மதிப்பெண் பட்டியலையும் டி.சி.யையும் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை. மறுத்தால் யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்தில் புகார் செய்யுங்கள்.

பயிற்சி மையத்துக்கு வழி வேறு. கல்லூரிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வரமாட்டா, பயிற்சி மையங்கள் வரும் என்று 2020 ஜனவரியில் தேசிய நுகர்வோர் ஆணையம் சொன்னது. ஆகவே "நாங்கள் வெறும் பயிற்சி மையம்" என்று அவர்கள் கைகழுவும்போதே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவு உங்களுக்குத் திறந்துவிடுகிறது. வழக்குக்குச் சென்னை போக வேண்டாம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கட்டிய பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

இதெல்லாம் படிப்பே வேண்டாம் என்பதற்காக அல்ல. தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸுக்கு அரசே நடத்தும் நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. இடங்கள் குறைவு, ஆகவே அறிவிப்பை முன்கூட்டியே கவனியுங்கள். பணம் கட்டும் முன் பிள்ளைக்கு ஆர்வம் நிலைக்கிறதா என்று பிளெண்டரில் சில மாதம் பழகிப் பார்க்கட்டும். அது இலவச மென்பொருள். 2025-ல் ஆஸ்கர் வாங்கிய லாட்வியப் படம் 'ஃப்ளோ' அதில்தான் உருவானது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் இலவசச் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம், காஞ்சிபுரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரிலும் போகலாம். பணம் கட்டிய ரசீது, கடன் ஒப்பந்தம், வங்கிக் கணக்கு அறிக்கை, விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் உரையாடலின் அச்சுப்படி எல்லாவற்றிலும் இரண்டு செட் எடுத்துப் போங்கள். அசலை மட்டும் யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.