ஃபெர்மாவின் ஆறாவது எண்

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297 என்னும் எண்ணில் பார்த்த மாத்திரத்தில் எந்த விசேஷமும் புலப்படாதாயினும், பதினேழாம் நூற்றாண்டின் மகத்தான கணித மேதை ஒருவருடைய நம்பிக்கை, ஏறக்குறைய நூறு ஆண்டுகள் மறுப்பாரின்றி நின்று, கடைசியில் தகர்ந்துபோனது இந்த எண்ணிடத்திலேதான்.

துலூஸ் நகரத்து நீதிமன்றத்தில் பதவி வகித்துக்கொண்டே எண்களின் இயல்பை ஆராய்ந்து வந்த பியேர் தெ ஃபெர்மாதான் அந்த மேதை. 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளை எடுத்து, ஒவ்வொன்றுடனும் 1-ஐக் கூட்டினால் முறையே 3, 5, 17, 257, 65,537 கிடைக்கின்றன. ஐந்துமே பகா எண்கள். அதாவது 1-ஆலும் தம்மாலுமன்றி வேறெந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. வரிசையில் மேலே வருவன யாவும் அவ்வாறே இருக்குமென்று 1640-இல் நண்பர்களுக்கு எழுதிய ஃபெர்மா, அதற்கு நிரூபணம் தமக்கு அகப்படவில்லை என்பதையும் மறைக்கவில்லை. அந்த நேர்மை அவருடைய பெருமைக்குக் குறைவன்று. அவ்வரிசையின் ஆறாவது எண், 2-இன் 32-ஆம் அடுக்குடன் 1 சேர்ந்தது, நாம் தொடக்கத்தில் சொன்னதே.

இதனை நேர்வழியில் பரீட்சிக்க வேண்டுமானால், 65,536 வரையுள்ள 6,542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க நேரிடலாம். 1729-இல் கணித அறிஞர் கோல்ட்பாக் எழுதிய கடிதத்தால் இவ்விஷயத்தில் கவனம் திரும்பிய கணித மேதை ஆய்லர், 641-ஆல் இது வகுபடுகிறது என்று 1732-இல் அறிவித்தார். மற்றொரு காரணி 67,00,417. இவ்வெண்ணை வகுக்கும் பகா எண் எதுவாயினும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்ற விதியையும் அவரே பின்னர் நிரூபித்தார். அவ்விதிப்படி 193, 257, 449, 577 ஆகிய நான்கையும் தள்ளினால், ஐந்தாவதாக வந்து நிற்பது 641. ஆறாயிரத்துக்கு மேற்பட்ட சோதனைகள் ஐந்தாகச் சுருங்கிவிடுகின்றன!

இதனினும் அழகியதொரு சான்று உண்டு. வாசகர் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்வாராக. 641 என்பது 5-ஐ 2-இன் 7-ஆம் அடுக்கால் பெருக்கி வந்த 640-ஐவிட ஒன்று கூடியது. ஆகையால் 641-ஆல் வகுக்கையில் 640-க்கு மீதி −1 எனக் கொள்ளலாம். 640-ஐ நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் மீதி 1 ஆகும். அவ்வடுக்கோ, 625-ஐ 2-இன் 28-ஆம் அடுக்கால் பெருக்கிய தொகை. ஆனால் 625-உடன் 16 சேர்ந்தாலும் 641 ஆகிறபடியால், 625-க்குப் பதிலாக −16-ஐ, அதாவது 2-இன் 4-ஆம் அடுக்கின் எதிர்மறையை, வைக்கலாம். வைத்தால் 2-இன் 32-ஆம் அடுக்கின் மீதி −1 என்றாகிறது. அத்துடன் 1-ஐக் கூட்ட, மீதியே இல்லை.

ஃபெர்மாவின் நம்பிக்கை பொய்த்தாலும் அவருடைய எண்கள் வீண்போகவில்லை. பத்தொன்பது வயது நிரம்பாத கணித மேதை காஸ், 1796-இல், 17 சமபக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாமென்று கண்டார். பக்கங்களின் எண்ணிக்கை பகா எண்ணாயிருந்தால், அது இவ்வரிசையைச் சேர்ந்ததாயின் அவ்வாறு வரையலாம், இல்லையேல் முடியாது என்பதும் பின்னர் தெளிவாயிற்று. ஆறாவது எண்ணும் பகா எண்ணாக அமைந்திருக்குமாயின், 429 கோடிக்கு மேற்பட்ட பக்கங்களையுடைய பலகோணமும் அவ்விரு கருவிகளுக்கு வசப்பட்டிருக்கும். 641 அதற்கு இடங்கொடுக்கவில்லை.