அந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இன்சுலின் சிரிஞ்சின் மூடியில் இரண்டு நிறம் உண்டு என்பது எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரியவந்தது. பக்கவாதம் வந்து படுத்துவிட்ட அப்பாவுக்கு டாக்டர் இன்சுலினை மாற்றி எழுதியிருந்தார். புதுக் குப்பியை வாங்கி ஃப்ரிட்ஜில் வைத்தேன். மறுநாள் காலை வழக்கம்போல டப்பாவிலிருந்து ஒரு சிரிஞ்சை எடுத்து 20 என்ற கோடு வரை மருந்தை இழுத்தேன். வீட்டில் ஊசி போடுகிறவன் நான்தான். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா துண்டைப் பிழிந்துகொண்டிருந்தவர், குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

“தம்பி, போடாதீங்க. இது நூறு. உங்க கையில இருக்கறது சிவப்பு மூடி, நாப்பதுக்கு உள்ளது. ஆரஞ்சு மூடி சிரிஞ்ச் வாங்கிட்டு வாங்க.”

நம் ஊரில் கிடைக்கும் இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ளதும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச். நாற்பதுக்கான சிரிஞ்சில் 20 என்ற கோடு அரை மில்லியைக் குறிக்கும். அதே அரை மில்லி நூறு யூனிட் குப்பியிலிருந்து வந்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். எண்பது வயதுக்காரருக்குச் சர்க்கரை சரசரவென்று இறங்கி, தூங்குகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பிப் போயிருக்கும். பட்டம் வாங்கிய நான் செய்யப்போன பிழையை, எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பெண் தடுத்தார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். முன்பு வேலை பார்த்த வார்டில் ஒரு மூத்த சிஸ்டர், இரண்டு சிரிஞ்சையும் இரண்டு குப்பியையும் மேசையில் கலந்து போட்டு, ஜோடி சேர்க்கச் சொல்வாராம். தப்பாகச் சேர்த்தால் அன்றைக்கு முழுதும் அதே வேலைதானாம்.

இந்த அக்கா வருவதற்கு ஆறு மாதம் முன்பு எங்கள் வீட்டில் வேறொரு பெண் இருந்தார். ஒரு ஏஜென்சி அனுப்பியது. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை, அதில் ‘ஹோம் நர்ஸ்’ என்று அச்சு. நாங்கள் ஏஜென்சியிடம் கேட்டதெல்லாம் என்ன? மாதம் எவ்வளவு, எந்த ஊர், அசைவம் சாப்பிடுவாரா, ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டுமா. ஸ்கூட்டர் வாங்கும்போது மைலேஜ் கேட்கிற நாங்கள், அப்பாவை ஒப்படைக்கும்போது ‘இவருக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்’ என்று கேட்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. அப்பாவின் முதுகில் தினமும் பவுடர் போட்டுத் தேய்ப்பார். வால் எலும்புப் பக்கம் கறுத்திருந்த இடத்தில் இன்னும் அழுத்தித் தேய்ப்பார், ரத்தம் ஓடட்டும் என்று. உட்கார வைக்க ரப்பர் வளையம் ஒன்றை வாங்கச் சொன்னார், வாங்கினோம். மூன்றாவது வாரம் அந்த இடம் பிளந்து குழியாகிவிட்டது.

அப்போதுதான் பக்கத்துத் தெருவில் ஒருவர் சொல்லி, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைப் பற்றிச் செய்தியில் படித்திருந்தேன். பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீடு தேடிக் கொடுப்பார்கள் என்பது மட்டும்தான் மனதில் நின்றிருந்தது. படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க நோய் ஆதரவு நர்ஸும் இயன்முறை சிகிச்சையாளரும் வருவார்கள் என்பது அந்த நர்ஸ் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றியபோதுதான் உறைத்தது.

அவர் முதலில் புண்ணைப் பார்க்கவில்லை. சோப்பு எங்கே என்று கேட்டுப்போய் முக்கால் நிமிடத்துக்குக் குறையாமல் கை கழுவினார். வெள்ளைக் கோட்டுப் பெண்ணையும் கழுவ வைத்தார். அப்புறம் அப்பாவின் குதிகாலைத் தூக்கிக் காட்டினார். அங்கேயும் ஒரு கறுப்புத் தடம், நாங்கள் யாருமே பார்க்காதது. “விரலால அழுத்திப் பாருங்க. எடுத்ததும் அந்த இடம் வெளுக்கணும். வெளுக்கலேன்னா புண்ணு உள்ளே ஆரம்பிச்சிருச்சு. நம்ம தோலுக்குச் சிவப்பு சரியாத் தெரியாது. அதனால தொட்டுப் பாருங்க, சூடா இருக்கா, கெட்டியா இருக்கான்னு.” கறுத்த இடத்தைத் தேய்த்தால் ரத்தம் ஓடாது, ஏற்கெனவே நைந்த சதை உள்ளே கிழியும் என்றார். ரப்பர் வளையம் சுற்றிலும் அழுத்தி நடுவில் ரத்தத்தை நிறுத்திவிடும் என்று சொல்லி அதைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், காற்று மெத்தை வாங்கினாலும் அதிலிருந்து விடுதலை இல்லை. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் செய்து காட்டிவிட்டு, “இப்ப நீங்க செய்யுங்க, நான் பாக்கறேன்” என்றார். அந்தப் பெண் செய்தார், தப்பாக. இன்னொரு முறை செய்தார். மூன்றாவது முறை சரியாக வந்தது. மொத்தம் அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

அந்த அரை மணி நேரத்தை ஏஜென்சி செலவழித்திருந்தால் அப்பாவுக்கு நான்கு மாதப் புண் இல்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பயிற்சி என்று மூன்று நாள் உட்கார வைத்தார்களாம். அதில் பாதி, வீட்டில் எப்படிப் பேச வேண்டும், செல்போனை எப்போது எடுக்கக் கூடாது என்பதாம். மீதி புத்தகத்தைப் பார்த்து வாசித்ததாம். ஒரு மனிதரைக்கூடப் புரட்டிப் பார்க்காமல் கோட்டு போட்டுவிட்டார்கள்.

‘நர்ஸ்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் ஒரு பொருள் உண்டு. மூன்று ஆண்டு டிப்ளமோவோ நான்கு ஆண்டு பி.எஸ்சி.யோ முடித்து, தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு எண் வாங்கியவர்தான் நர்ஸ். அந்த எண்ணைக் கேட்பது நம் உரிமை, அதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. ஏஜென்சிகள் அனுப்புகிறவர்களில் பலர் உதவியாளர்கள். அதில் இழிவு எதுவும் இல்லை. குளிப்பாட்ட, புரட்ட, ஊட்ட, நடக்க வைக்க அவர்கள்தான் வேண்டும். அவர்களுக்கென்றே ‘ஹோம் ஹெல்த் எய்டு’ என்ற பெயரில் திறன் பயிற்சியும் சான்றிதழும் நம் நாட்டில் இருக்கின்றன. ஆனால் அது இல்லாமலும் ஒருவரை வீட்டுக்குள் அனுப்பிவிட முடிகிறது. அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டில் இயங்கும் வீட்டுப் பராமரிப்பு நிறுவனத்தின் உதவியாளர் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி பெற வேண்டும், அதில் 16 மணி நேரம் கைவேலை. பிறகும் ஆண்டுதோறும் 12 மணி நேரம். அங்கே எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று சொல்லவரவில்லை. ஒரு எண்ணாவது எழுதிவைத்திருக்கிறார்கள்.

மூக்கு வழியாக ட்யூப் போட்டவர் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். படுத்த நிலையில் கஞ்சியை ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகலாம். தலைப்பக்கத்தை முப்பதிலிருந்து நாற்பத்தைந்து டிகிரி வரை உயர்த்தி, ஊட்டி முடித்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைத்திருக்க வேண்டும். யூரின் பேகை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிட வேண்டும், தரையில் கிடக்கவிடக் கூடாது. ட்யூப் வெளியே வந்துவிட்டால் உதவியாளர் அதைத் திரும்பச் சொருகக் கூடாது. இவையெல்லாம் டிஸ்சார்ஜ் ஆகும் நாளிலேயே மருத்துவமனை நமக்குச் சொல்லித்தர வேண்டியவை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளி உரிமைச் சாசனத்தில் உள்ள 17 உரிமைகளில் நோயாளிக்குக் கற்பிக்கப்படும் உரிமையும் ஒன்று. ஆகவே பில் கட்டிவிட்டு ஆம்புலன்ஸுக்கு ஓடாதீர்கள். பார்த்துக்கொள்ளப் போகிறவரையும் வார்டுக்கே வரச்சொல்லி, சிஸ்டர் முன்னால் ஒருமுறை செய்ய வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஏஜென்சியிடம் என்ன கேட்பது? இவரை யார் பயிற்றுவித்தார், எத்தனை நாள், நிஜ நோயாளியிடமா பொம்மையிடமா? மேற்பார்வைக்கு ஒரு பதிவு பெற்ற நர்ஸ் மாதம் எத்தனை முறை வீட்டுக்கு வருவார்? ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சுத் திணறினால் இவர் யாரைக் கூப்பிடுவார்? பதில்கள் வாயால் வந்தால் போதாது, ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். பணம் கட்டியதற்கு ரசீதும் வேண்டும். கையில் கொடுத்துவிட்டு வெறும் வாட்ஸ்அப் செய்தியோடு நிற்பவர்களுக்குப் பின்னால் வழக்கு நடத்துவது கஷ்டம்.

வழக்கு என்று வந்தால் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஏஜென்சி மூலம் வந்த சேவையில் குறை இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போகலாம், வக்கீல் கட்டாயமில்லை. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பார்க்கலாம், பல ஏஜென்சிகள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருவார்கள். ஆனால் நாமே நேரடியாக ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொண்டால் அது தனிப்பட்ட வேலை ஒப்பந்தமாகிவிடும். நுகர்வோர் சட்டம் அங்கே வராது. கமிஷன் மிச்சம் என்று நேரடியாக வைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு செய்யட்டும்.

புண்ணைத் தேதியோடு படம் எடுத்துவையுங்கள். டாக்டர் எழுதிய குறிப்பு வேண்டும். மருத்துவமனையிடம் சிகிச்சை ஆவணம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. முதியவரை அடித்தாலோ பட்டினி போட்டாலோ நுகர்வோர் ஆணையத்துக்குக் காத்திருக்காதீர்கள், நேராகப் போலீஸ்தான். முதியோர் உதவி எண் 14567.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு யாராவது உதவியாளரிடம் சண்டைக்குப் போனால் தப்பு என்னுடையது. 24 மணி நேர டியூட்டி என்று அழைத்து வந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொல்லி, தூங்க நேரமும் இடமும் கொடுக்காத வீடுகள் ஏராளம். அந்த வீட்டில் ராத்திரி மூன்று மணிக்குப் புரட்டவில்லை என்றால் நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். தொண்ணூறு கிலோ உடம்பைத் தனியாகத் தூக்கி முப்பத்தைந்து வயதில் இடுப்பு போன பெண்களை எனக்குத் தெரியும். விரிப்பை வைத்து இழுத்து நகர்த்தும் முறையை ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தால் அந்த இடுப்பு பிழைத்திருக்கும். இன்னொன்றும் உண்டு. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டத்தில் வீடும் பணியிடம்தான். வீட்டு ஆண் ஒருவரால் தொல்லை என்றால் மூன்று மாதத்துக்குள் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம். இதையும் பயிற்சியில் சொல்ல வேண்டும். சொல்வதில்லை.

போன மாதம் அந்த அக்கா மகள் பிரசவத்துக்காக ஊருக்குக் கிளம்பினார். பதிலுக்கு இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி வந்தாள், பயந்த முகத்தோடு. அக்கா ஒரு நாள் தள்ளிப் போகிறேன் என்றார். மதியம் அப்பா தூங்கியதும் கூடத்துப் பாயில் தானே நீட்டி நிமிர்ந்து படுத்துக்கொண்டார். “நான்தான் இப்ப ஐயா. கைகால் வராது. என்னைப் புரட்டு பாக்கலாம்.” அந்தப் பெண் தோளைப் பிடித்து இழுத்தாள். “தோளை இழுத்தா கழண்டுரும். முழங்காலை மடக்கு. ஒரு கை இடுப்புல, ஒரு கை தோளுக்குப் பின்னாடி. ம்ம்.” நான்கு முறை புரண்டார். எழுந்திருக்காமலே என் பக்கம் திரும்பி, “தம்பி, பேப்பரை வச்சிட்டு நீங்களும் வாங்க, ஒருக்கா புரட்டிப் பாத்துருங்க” என்றார்.