செல்போனில் அழிந்த போட்டோ கிளவுடில் கிடைக்கும்: 60 நாள்தான் கெடு!

செல்போனில் இடம் இல்லை என்று நாலு போட்டோவை அழிக்கப் போவார்கள். கை தவறி மகள் கல்யாணப் படம், இறந்துபோன அப்பாவின் கடைசிப் படம் எல்லாம் சேர்ந்து போய்விடும். "எல்லாம் போச்சே" என்று தலையில் கை வைப்பவர்கள் பலருக்கு ஒரு விஷயம் தெரிவதில்லை. டெலிட் செய்த படம் உடனே அழிந்துவிடாது. கொஞ்ச நாள் குப்பைத்தொட்டியில் கிடக்கும். கெடு முடிவதற்குள் எடுத்துவிட்டால் தப்பித்தது.

கிளவுட் என்பது என்ன?

ஆண்ட்ராய்டு போனில் கூகுள் போட்டோஸ் ஆப்பில் 'பேக்கப்' போட்டிருந்தால், எடுக்கும் படத்துக்கெல்லாம் ஒரு நகல் இன்டர்நெட் வழியாக கூகுள் கம்பெனியின் கம்ப்யூட்டர்களுக்குப் போய்விடும். இதுதான் கிளவுட். போன் தண்ணீரில் விழுந்தாலும், திருட்டுப் போனாலும் படம் அங்கே பத்திரமாக இருக்கும்.

ஆனால் அந்த ஆப்பில் ஒரு படத்தை டெலிட் செய்தால் போனிலும் போகும், கிளவுடிலும் போகும். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதை அழுத்த வேண்டும். அது கிளவுடில் உள்ள நகலைத் தொடாது.

எத்தனை நாள் கெடு?

கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். பேக்கப் ஆகாத படத்துக்கு 30 நாள்தான். பத்திரம், சர்டிபிகேட் போன்றவற்றை ஸ்கேன் செய்து கூகுள் டிரைவில் வைத்திருந்தால், அதற்கும் 30 நாள் கெடு. முன்பு டிரைவில் நாமாகக் காலி செய்யும் வரை கிடக்கும். 2020 அக்டோபரில் இருந்து தானாக அழிந்துவிடுகிறது.

குப்பைத்தொட்டியை நாமே காலி செய்துவிட்டால் கெடு எல்லாம் கிடையாது. போட்டோஸில் அப்படிப் போன படம் திரும்ப வராது.

எடுப்பது எப்படி?

கூகுள் போட்டோஸ் ஆப்பில் 'கலெக்ஷன்ஸ்' பகுதிக்குப் போங்கள். அங்கே 'பின்' அல்லது 'டிராஷ்' என்று இருக்கும். வேண்டிய படத்தை அழுத்திப் பிடித்து 'ரீஸ்டோர்' கொடுங்கள். படம் பழைய இடத்துக்கே வந்துவிடும். டிரைவ் ஆப்பில் மேலே உள்ள மூன்று கோட்டைத் தொட்டால் இதே 'பின்' தெரியும்.

ஜி-மெயில் மாறிப் போச்சா?

புது போன் வாங்கும்போது பழைய ஜி-மெயிலும் பாஸ்வேர்டும் ஞாபகம் இல்லாமல் புதிதாக ஒன்று தொடங்கிவிடுவது சகஜம். அப்புறம் பழைய படம் எதுவும் தெரியாது. அது அழியவில்லை, பழைய ஜி-மெயிலில் இருக்கிறது. அதில் நுழைந்தால் படம் வந்துவிடும். ஆனால் 2 வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கை கூகுள் மொத்தமாக அழிக்கலாம். 2023 டிசம்பரில் இருந்து இது நடைமுறையில் உள்ளது. அதனால் பழைய ஜி-மெயிலையும் பாஸ்வேர்டையும் இன்றே ஒரு நோட்டில் எழுதி வீட்டில் வையுங்கள்.

பேக்கப்பே போடவில்லை என்றால் கிளவுடில் தேடிப் பயன் இல்லை. அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

மோசடிப் பேர்வழிகள் உஷார்!

"அழிந்த போட்டோவை எடுத்துத் தருகிறோம்" என்று போனில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குப்பைத்தொட்டியில் இருந்து எடுக்க ஒரு பைசா செலவு இல்லை. ஓ.டி.பி. கேட்டாலோ, ஏதாவது ஆப் ஏற்றச் சொன்னாலோ உடனே போனை வையுங்கள். பணம் பறிபோய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே மடக்க வாய்ப்பு உண்டு.